ஏடும் களமும்: சமூகப்பணிப் பயிற்சி வளர்ந்த கதை

அறம் செய்வதற்கும் பயிற்சி வேண்டுமோ என்னும் வினா தமிழர்க்கு வியப்பாகத் தோன்றலாம். பசித்தவனுக்குச் சோறிடுதலும் வழிப்போக்கனுக்குத் திண்ணை தருதலும் யாரும் கற்பித்து வந்த பழக்கங்கள் அல்ல. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை பசிப்பிணியைத் தீர்த்ததோடு நில்லாமல், அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள் என்று காப்பியம் பேசுகிறது. ஈகையைப் பாடாத புலவர் தமிழில் இலர். ஆயினும் பரிவு உள்ளத்தில் ஊறுவது. திறன் கையில் பழகுவது. பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சிக்குத் தாயின்மேல் இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. மூத்த மருத்துவச்சியின் அருகில் பல இரவுகள் விழித்திருந்து பழகிய கையும் வேண்டும். சமூகப்பணியும் அவ்வாறே என்பதை உலகம் உணர்ந்தது கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்ளேதான்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ஜொகூரின் உட்பகுதியில் ஒரு தோட்டத்து லயன் வீடு. குடும்பத் தலைவன் குடிக்கு அடிமை. மூத்த பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை. இளைய பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. வாசலில் குறிப்பேட்டுடன் ஒரு பல்கலைக்கழக மாணவி வந்து நிற்கிறாள். சமூகவியல், உளவியல், சட்டம் ஆகிய மூன்றிலும் அவள் தேர்ச்சி பெற்றவள். எனினும் முதலில் எதைக் கேட்பது, எங்கே அமர்வது, குறிப்பேட்டை எப்போது மூடி வைப்பது, அந்தத் தாய் அழும்போது பேசுவதா பேசாதிருப்பதா என்பவற்றை எந்த நூலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி மெய்யாவது அந்த வாசற்படியில்தான். இந்த இடைவெளியை நிரப்ப எழுந்த ஏற்பாடே களப்பணிப் பயிற்சி.

வாடகை வாங்கச் சென்ற பெண்கள்

இதன் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் உள்ளது. ஒக்டேவியா ஹில் என்னும் பெண்மணி 1865இல் மேரிலிபோன் பகுதியில் சில பாழடைந்த வீடுகளின் நிருவாகத்தை ஏற்று, ஏழைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டார். வாரந்தோறும் வாடகை வாங்கப் பெண்களை அனுப்பினார். வாடகை வாங்குவது வெளிப்படையான வேலை. குடும்பத்தின் நிலையை அறிந்து துணை நிற்பது உள்ளார்ந்த வேலை. புதிதாக வந்த பெண் பழகியவருடன் சென்று, பார்த்து, கேட்டு, பின்னரே தனியே செல்வாள். மருத்துவர்களும் தச்சர்களும் காலங்காலமாகப் பின்பற்றிய ஆசான்–மாணாக்கர் முறை, ஏழையின் வீட்டு வாசலுக்கு வந்தது இவ்வாறுதான்.

1869இல் தோன்றிய அறநிலை ஒழுங்கமைப்புச் சங்கம் இம்முறையை விரிவாக்கியது. அச்சங்கத்தில் பழகிய மேரி ஸ்டூவர்ட் என்பவர் 1895இல் இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் முதல் அல்மோனராக அமர்ந்தார். இலவச மருத்துவத்தைத் தகுதியற்றோர் பயன்படுத்துகின்றனரா என்று ஆராய்வதே அவருக்கு இட்ட கட்டளை. ஆனால் நோயாளிகளோடு பேசப் பேச, மருந்துச்சீட்டு மட்டும் அவர்கள் துன்பத்தைத் தீர்க்காது என்பது புலனாயிற்று. வேலை பறிபோனவனுக்கும் வீட்டில் உணவில்லாதவளுக்கும் மருத்துவமனைக்கு வெளியே துணை தேடித் தருவதும் அப்பணியின் பகுதியாயிற்று. மருத்துவச் சமூகப்பணி என்னும் துறைக்கு வித்து அதுவே.

அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் அம்மையார் 1897இல், தொண்டு செய்வோர்க்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று மாநாட்டு மேடையில் வாதிட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர் விரிவுரையை மட்டும் கேட்டுப் போகும் பள்ளியாக அஃது இருத்தல் கூடாது என்பதில் முன்னோடிகள் உறுதியாக இருந்தனர். வகுப்பு பாதி, களம் பாதி என்னும் அடித்தளம் அன்றே இடப்பட்டது.

பம்பாயும் சென்னையும்

இந்தியாவில் இக்கல்வியை நிலைநாட்டியவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர். பம்பாயின் நாக்பாடா பகுதியில் தொழிலாளர் நடுவே ஒரு குடியிருப்பு நல நிலையத்தை நடத்தி வந்த அவர், 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்கு முன் களம் இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது. 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்ற இந்நிறுவனத்தின் இயக்குநராக 1940களில் விளங்கியவர் ஜே. எம். குமரப்பா என்னும் தமிழர். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர்.

தமிழ்நாட்டில் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. அதன் நிறுவனர் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார். கில்டு ஆப் சர்வீஸ் என்னும் தொண்டு அமைப்பின் வழியாக அனாதைப் பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் உழைத்த அவர், நல்லெண்ணம் மட்டும் கொண்ட தொண்டரால் நேரும் குறைகளை நேரிற் கண்டவர். இந்தியப் பள்ளிகளில் இருவகைக் களப்பயிற்சி வேரூன்றியது. ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் களத்திலும் எஞ்சிய நாள் வகுப்பிலும் கழியும் உடனிகழ் பயிற்சி. மற்றது, படிப்பின் இறுதியில் சில வாரங்கள் முழுமையாக ஒரு நிறுவனத்திலேயே தங்கிச் செய்யும் தொடர் பயிற்சி. முன்னது பாடத்தையும் பட்டறிவையும் வாரந்தோறும் உரசிப் பார்க்கச் செய்கிறது. பின்னது ஒரு முழுநேரப் பணியாளரின் சுமையை உணர்த்துகிறது.

போர் விட்டுச்சென்ற கணக்கு

மலாயாவில் இக்கல்வியின் தேவை ஏட்டறிஞர்களின் விவாதத்தில் பிறக்கவில்லை. போரின் சாம்பலில் பிறந்தது. 1942, 1943 ஆண்டுகளில் சயாம்–பர்மா மரண ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரள் திரளாகக் கொண்டு செல்லப்பட்டனர். போருக்குப்பின் பிரிட்டிஷார் எடுத்த கணக்கின்படி, மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தோர் 29,000 பேருக்கும் மேல். உண்மை எண்ணிக்கை இதனினும் பெரிது என்று கருதுவோரும் உளர். ஜொகூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. கணவனை இழந்த பெண்களும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் லயன்களிலும் பட்டணத்து வீதிகளிலும் நின்றனர்.

1946இல் சமூகநல இலாகா அமைக்கப்பட்டது இப்பின்னணியில்தான். அடுத்த ஆண்டே இளையோர் நீதிமன்றச் சட்டம் வந்தது. தவறிழைத்த சிறுவனைத் தண்டிக்குமுன் அவனது வீடு, பள்ளி, பழக்கம் ஆகியவை பற்றி நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தரவேண்டும் என்பது அச்சட்டம் கொண்டுவந்த புதுமை. ஒரு சிறுவன் வீடு திரும்புவதா, ஒழுக்கப் பள்ளிக்குச் செல்வதா என்பதை ஒரு தாளில் எழுதப்படும் சில பத்திகள் முடிவு செய்யும் நிலை உண்டாயிற்று. அந்தப் பத்திகளை எழுதுவதற்கு யார் பழகியிருந்தார்கள்? 1948இல் அவசரகாலம் பிறந்து, 1950க்குப்பின் புதுக்கிராமங்கள் எழுந்து, ஜொகூரின் எல்லைகளெங்கும் முள்வேலிகள் முளைத்தபோது இவ்வினா இன்னும் கூர்மையடைந்தது.

மூவாரில் வளர்ந்த சிறுவன்

இவ்வினாவுக்கு முதல் விடை ஜொகூர்ப் பாலத்தின் மறுகரையில் கிடைத்தது. சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகம் 1952இல் சமூகவியற் படிப்புத் துறையைத் தொடங்கி, இரண்டாண்டுப் பட்டயக் கல்வியை அளித்தது. அத்துறையை வழிநடத்தியவர் ஜீன் ராபர்ட்சன் அம்மையார். தீவிலும் தீபகற்பத்திலும் நலப்பணிக்கு வேண்டிய ஆட்களை உள்நாட்டிலேயே உருவாக்கும் முயற்சி அது. அதற்குமுன் பயிற்சி வேண்டுவோர் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்லவேண்டியிருந்தது.

1954இல் அப்பட்டயத்தைச் சிறப்புத் தகுதியுடன் பெற்றவர்களுள் ஒருவர் செல்லப்பன் ராமநாதன். எஸ். ஆர். நாதன் என்னும் பெயரால் உலகம் அறிந்த அவர், 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக விளங்கினார். ஆனால் அவர் இளமை கழிந்தது ஜொகூரின் மூவாரில். அங்கே பணியாற்றிய தந்தை, இரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் கடனில் ஆழ்ந்து தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகனுக்கு அப்போது எட்டு வயது. பின்னர் பள்ளியினின்று நீக்கப்பட்டதும், பதினாறாம் வயதில் வீட்டை விட்டு வெளியேறியதும் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியவை.

இச்செய்தியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தந்தையற்ற குடும்பம், பள்ளி நின்ற பிள்ளை, வீட்டை விட்டோடிய சிறுவன்: நலத்துறைக் கோப்பு ஒன்றில் இடம்பெறத்தக்க எல்லாம் அவரது இளமையில் இருந்தன. கோப்பில் ஒரு பெயராக முடிந்திருக்கக்கூடிய ஒருவர், கோப்பை எழுதுபவராகப் பயிற்சி பெற்றார். 1955இல் மருத்துவச் சமூகப் பணியாளராகத் தொடங்கி, அடுத்த ஆண்டே கப்பற்பணியாளர் நல அதிகாரியானார். கப்பலில் வேலை தேடி வந்தோர் இடைத்தரகர்களின் பிடியில் கடன்பட்டுக் கிடந்த காலம் அது. கங்காணி முறையை அறிந்த தமிழர்க்கு அந்நிலையை விளக்க வேண்டுவதில்லை. ஒரு தனிமனிதனின் முறையீட்டைக் கேட்கும் செவியும், அம்முறையீட்டுக்குப் பின்னால் உள்ள அமைப்பைக் காணும் கண்ணும் ஒருங்கே வேண்டிய பணி. இவ்விரண்டையும் ஒருசேரப் பழக்குவதே களப்பயிற்சியின் நோக்கமுமாகும்.

பினாங்கில் நட்ட நாற்று

சிங்கப்பூர் 1965இல் பிரிந்தபின் மலேசியாவுக்குத் தனக்கென ஒரு பள்ளி இன்றியமையாததாயிற்று. 1973இல் மலேசிய சமூகப் பணியாளர் சங்கம் தோன்றியது. 1975இல் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் சமூக மேம்பாடும் நிருவாகமும் என்னும் பெயரில் நாட்டின் முதல் பட்டக் கல்வியைத் தொடங்கியது. 1990களில் சரவாக், கெடா முதலிய இடங்களின் பல்கலைக்கழகங்களும் இவ்வழியில் சேர்ந்தன. நலத்துறை அலுவலகங்கள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை மாணவர்களின் களங்களாயின.

ஜொகூரை நோக்கினால், இத்தகைய பயிற்சிக்கு வேண்டிய களங்கள் ஒரே மாநிலத்தில் குவிந்திருப்பதைக் காணலாம். தம்போயில் 1937இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று பெர்மாய் மருத்துவமனை என வழங்குகிறது. ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையும், ஆதரவற்ற முதியோர்க்கான ஸ்ரீ கெனாங்கான் இல்லமும் உள்ளன. குளுவாங், சிகாமட், ரெங்கம் வட்டாரங்களில் இரப்பரும் செம்பனையும். 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகள். பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு உழைக்கச் செல்லும் பெற்றோர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பட்டண ஓரங்களுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் துயரம் தனி அத்தியாயம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தில் மூழ்கியபோது, துயர்துடைப்பு மையங்களில் பாயும் உணவும் பங்கிடுவதற்கு அப்பால் என்ன செய்யவேண்டும் என்பதும் ஒரு பாடமாயிற்று.

களத்தில் கற்பிக்கப்படுவன

களத்தில் மாணவர் கற்பவை யாவை? முதலாவது கேட்டல். கேள்விப் பட்டியலை வரிசையாக ஒப்பிப்பது நேர்காணல் ஆகாது. சொல்பவர் தாமே சொல்ல இடந்தந்து, சொல்லாமல் விட்டதையும் உணர்வதே நேர்காணல். இரண்டாவது வீட்டு வருகை. காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்து வீட்டுக்குச் சென்ற மாணவர், வீடு பூட்டியிருக்கக் கண்டு, குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடக்கூடும். விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போன தாய், பாலை நிறுத்துக் கொடுத்த பின்னரே வீடு திரும்புவாள் என்பதை அறிந்த மேற்பார்வையாளர் அவ்வரியை அடித்துவிட்டு, பிற்பகலில் மீண்டும் போய் வரும்படி அனுப்புவார். ஓர் அடித்தலால் ஒரு குடும்பத்தின் பெயர் காக்கப்படுகிறது. ஒரு மாணவரின் கண்ணும் திறக்கிறது.

மூன்றாவது பதிவு. நடந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் தாம் உணர்ந்ததையும் பக்கத்தில் குறித்து, மேற்பார்வையாளரிடம் காட்டுவது நெடுங்கால வழக்கம். 'சிறுவன் சோம்பேறி' என்று எழுதுவது தீர்ப்பு. 'ஒரு மாதத்தில் பன்னிரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அந்நாள்களில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்' என்று எழுதுவது செய்தி. முன்னது நீதிமன்றத்தில் ஒரு வாழ்வைக் குலைக்கும், பின்னது காக்கும். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் எடுத்துக்கொண்ட பின்னரும் இவ்வறிக்கையின் கனம் குறையவில்லை.

நான்காவது வழி அறிதல். பிறப்புப் பத்திரத்திற்கும் அடையாள அட்டைக்கும் எந்த அலுவலகத்தில் எந்தப் பாரம், எந்தச் சான்று என்பன சிறு செய்திகளாகத் தோன்றும். ஆனால் பத்திரமில்லாப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவு எளிதில் திறவாது. உரிய முகப்பில் உரிய தாளுடன் நிற்கக் கற்றவர், ஒரு தலைமுறையின் முடிச்சை அவிழ்க்கக்கூடும்.

ஐந்தாவது மொழி. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியிடம் தமிழறியாத மாணவர் பேச நேரும்போது, வீட்டுப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளனாக்குவது எளிய வழி. பெற்றோரின் சண்டையையும் தந்தையின் குடியையும் அந்தப் பிஞ்சு வாயால் சொல்லவைப்பது கொடுமை என்பதைக் களம் உணர்த்தவேண்டும். வேறு துணையைத் தேடுவதும், தேடிக் கிடைக்கும்வரை காத்திருப்பதும் திறனின் பகுதியே.

பெர்த்தா ரெனால்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1942இல் வெளியிட்ட நூலில், கற்பவர் கடக்கும் ஐந்து படிகளைக் காட்டினார். முதற்படியில் மாணவருக்குத் தம்மைப் பற்றிய கூச்சமே மேலோங்கும். அடுத்து மூழ்கினும் நீந்தினும் சரி என்று துணிவர். மூன்றாம் படியில் செய்யவேண்டியது விளங்கும், ஆனால் கை கூடாது. நான்காவதில் ஓரளவு தேர்ச்சி வரும். ஐந்தாவதில் பிறர்க்குக் கற்பிக்கும் ஆற்றல் பிறக்கும். மூன்றாம் படியே மிகக் கடினமானது. அறிவு முந்திச் செல்ல, கை பின்தங்கும் அந்த நாள்களில் மாணவரைத் தாங்கிப் பிடிப்பவர் மேற்பார்வையாளர்.

யாருக்கு நேரும் இழப்பு

இங்கேதான் மலேசியாவின் பெருங்குறை ஒன்று புலப்படுகிறது. மாணவரை ஏற்கும் நிறுவனங்கள் பலவற்றில், மேற்பார்வையிடுவோர் சமூகப்பணியில் முறையான கல்வி பெற்றவர் அல்லர். பட்டறிவு மிக்கவராயினும் பணிச்சுமை மிக்கவர். அதனால் சில மாணவர் கோப்புகளை அடுக்கியும், நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி போட்டும் பயிற்சிக் காலத்தைக் கழித்துவிடுகின்றனர். 2010இல் மலேசிய அமைச்சரவை, இத்தொழிலுக்குச் சட்டமும் தகுதித்தரமும் வேண்டும் என்னும் முன்மொழிவுகளுக்கு ஒப்புதல் அளித்தது. தகுதித்தரம் தாளில் வகுக்கப்படுவது ஒரு படி; அதைக் கையில் ஏற்றுவதற்குக் களத்தில் ஆசான் வேண்டும்.

இக்குறையால் இழப்பு மாணவருக்கு மட்டும் அன்று. பயிற்சி மருத்துவர் தவறினால் தாங்குவது நோயாளியின் உடல். பயிற்சிச் சமூகப் பணியாளர் தவறினால் தாங்குவது ஏழையின் மானம். செல்வர் வீட்டுக் கதவை எந்த மாணவரும் குறிப்பேட்டுடன் தட்டுவதில்லை. வறியவர் தம் கண்ணீரைப் பாடநூலாகத் திறந்து வைக்கின்றனர். மூன்று மாதம் பழகி, நம்பிக்கையை வளர்த்து, தேர்வு நெருங்கியதும் சொல்லாமல் மறைந்துபோகும் மாணவர், அந்த வீட்டில் இன்னொரு பிரிவைச் சேர்த்துவிட்டுப் போகிறார். எனவே விடைபெறுவதும் கற்பிக்கத்தக்க திறனாகவே உலகெங்கும் கொள்ளப்படுகிறது. முன்கூட்டியே நாளைச் சொல்லி, அடுத்து வருபவரை அறிமுகப்படுத்தி, தொடங்கிய பணியை ஒப்படைத்து நீங்கவேண்டும்.

வரலாறு காட்டும் பாடம் தெளிவானது. இலண்டனிலும் பம்பாயிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பள்ளிகள் தழைத்தது, களமும் வகுப்பும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டபோதே. ஜொகூரின் நலத்துறை அலுவலகங்களும் மருத்துவமனைகளும் தொண்டு நிறுவனங்களும் மாணவரை ஏவலராகக் கொள்ளாமல் கற்பவராக ஏற்று, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் அவர்தம் பதிவுகளைப் படித்துத் திருத்த முன்வரவேண்டும். தமிழ் இளைஞரும் இத்துறையை நாடி வருதல் வேண்டும். பாட்டியின் சொல்லைப் பேரப்பிள்ளையின் வாயால் கேட்கும் நிலை அப்போதுதான் நீங்கும். மூவாரில் தந்தையை இழந்து நின்ற எட்டு வயதுச் சிறுவனைப்போல இன்னும் எத்தனையோ சிறுவர் ஜொகூரில் உளர். அவர்தம் வாசலுக்கு வருபவர், கேட்கக் கற்றவராக வருதல் வேண்டும்.